ஒவ்வுமை வாரியமும் இல்லாத அக்காவும்

ஒவ்வுமை வாரியத்தில் காலையில் வேலை தொடங்கும்போது முதலில் கதவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கேலிக்குச் சொல்லவில்லை. கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, சோதனை வாசிப்பவர் என்று ஒருவர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "கதவு இருக்கிறதா?" என்று கேட்பார். வாசலில் நிற்கும் காவலர் கதவைத் தொட்டுப் பார்த்து, "இருக்குங்க" என்பார். "திறக்கிறதா?" திறந்து காட்டுவார். "மூடுகிறதா?" மூடிக் காட்டுவார். அந்தக் கதவு வழியாகத்தான் அத்தனை பேரும் சற்று முன் உள்ளே வந்திருப்பார்கள். அடுத்து மின்விசிறி. "சுற்றுகிறதா? நிறுத்த முடிகிறதா?" பிறகு மேசை, மேசையின் கால்கள், ஒவ்வொரு நாற்காலியும் தனித்தனியாக. கடைசியில் மனிதர்கள். "தலைவர் இருக்கிறாரா?" என்றதும் தலைவர் ஒரு கணம் தம்மைப் பற்றி யோசித்துவிட்டு, "இருக்கிறேன்" என்பார். சொன்ன பிறகு அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

முழுப்பெயர் அனைத்து இயங்குதள ஒவ்வுமை வாரியம். வெளியே எல்லோரும் ஒவ்வாமை வாரியம் என்பார்கள். அந்தப் படியில் கால் வைத்தாலே எனக்கு உடம்பு அரிக்கத் தொடங்கியதால், வெளியே சொல்கிற பெயரை நான் தப்பென்று சொல்லமாட்டேன்.

நான் அங்கே போனது என் அக்காவின் குரலுக்காக. அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. எங்கள் குடும்பத்தில் மற்ற எல்லோருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தவள் அவள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சாலை விதி வகுப்பு எடுக்கிறாள். புதிதாக வந்து உட்காருகிற யாரைப் பார்த்தாலும் அவள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "ஓட்டத் தெரியுமான்னு நான் கேக்கல. நிறுத்தத் தெரியுமா?"

நான் குளிர்பெட்டிக் கம்பெனியில் நிரல் எழுதுகிறவன். குளிர்பெட்டிக்குக் குளிரச் சொல்லித் தருகிற எனக்கு ஒரு பெட்டிக்குப் பேசச் சொல்லித் தருவது கஷ்டமாக இல்லை. நலத்துறை கொடுத்த கையடக்கப் பெட்டியில் அக்கா எழுத்துகளைத் தட்டினால் அது வாசித்துச் சொல்லும்படி ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். குரல் என்னவோ ரயில் நிலைய அறிவிப்புக் குரல்தான். திட்டு மட்டும் அசல் அக்கா. வகுப்பும் தொடர்ந்தது, வீடும் பழையபடி ஆயிற்று.

பிறகு அந்தப் பெட்டி செத்துப்போயிற்று. நலத்துறை புதுப் பெட்டி கொடுத்தது. அதில் இயங்குதளம், அதாவது எந்திரத்தை உள்ளேயிருந்து நடத்துகிற மென்பொருள், வேறு. என் நிரல் அதில் ஓடவில்லை.

அக்காவின் சத்தம் நின்ற முதல் வாரம் அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தார். அடுத்த வாரம் அவரே என்னைத் தேடி வந்தார். "மாப்ள, கதவைத் தொறந்து போட்டுட்டுப் போனேன், பால் பொங்கவிட்டேன், ஒண்ணும் சொல்லல. என்னைப் பாத்துட்டுத் தலைய ஆட்டிட்டுப் போறா. ஏதாவது பண்ணு மாப்ள" என்றார். பயிற்சிப் பள்ளி முதலாளியும் கெடு வைத்திருந்தார். அடுத்த தொகுதி திங்கட்கிழமை தொடங்குகிறது, அதற்குள் பேச முடிந்தால் அக்கா, இல்லாவிட்டால் வேறு ஆள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிரல் என்பது பிரித்து விற்கிற மேசை மாதிரி. எந்த எந்திரத்தில் ஓட வேண்டுமோ அங்கேயே அதைப் பொருத்தியாக வேண்டும். எந்தக் காலை எங்கே செருகு, எந்தத் திருகை எப்போது முறுக்கு என்று எந்திரத்துக்கு வரிசையாகச் சொல்லும் கட்டளைகள்தான் ஸ்கிரிப்ட். வம்பு என்னவென்றால், ஒரே கட்டளையை ஒவ்வொரு இயங்குதளமும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்ளும். 'இந்தக் கோப்பிலேயே இந்தச் சொல்லை மாற்று' என்றால் பழைய பெட்டி மாற்றிவிட்டுச் சும்மா இருந்தது. புதுப் பெட்டி அப்படியில்லை. 'பழைய கோப்பை என்ன பெயரில் எடுத்துவைக்க?' என்று தானே எண்ணிக்கொண்டு, அடுத்து வந்த கட்டளையையே அதற்குப் பெயராக வைத்துவிட்டு, 'சரி, கட்டளை எங்கே?' என்று நம்மையே கேட்டது.

இதற்கு மருந்து உண்டு. எந்திரத்தின் பெயரைக் கேட்டு முடிவு செய்யக்கூடாது. 'உன்னால் இது முடியுமா?' என்று சின்ன வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் வேறு வழியில் செய்யச் சொல்ல வேண்டும். அக்கா வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரே மாலையில் ஸ்கிரிப்டை அப்படி மாற்றி எழுதினேன். என் மடிக்கணினியில் ஓடியது, கம்பெனிக் கணினியில் ஓடியது. புதுப் பெட்டியில் போட்டேன். 'ஒவ்வுமை முத்திரை இல்லை' என்று திரையில் எழுதிவிட்டு அது வாயை மூடிக்கொண்டது. எல்லா எந்திரத்திலும் ஓடும் என்று வாரியம் முத்திரை வைக்காத ஸ்கிரிப்டைத் தொடவே கூடாது என்று அதற்கு உத்தரவாம்.

வாரியத்தின் வாசலில் 'எதையும் இருப்பதாக எண்ணாதே' என்று பெரிய எழுத்தில் பொறித்திருந்தது. ஸ்கிரிப்ட் எழுதுகிறவனுக்கு இது நல்ல புத்திதான். நானே அதன்படிதான் எழுதியிருந்தேன். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை வாரியத்தில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முதல் நாள் என் முறை வரவேயில்லை. சோதனை மேசைக் காலில் முட்டிக்கொண்டது.

"மேசை நிற்கிறதா?"

"நிக்குதுங்க. லேசா ஆடுதுங்க" என்றார் காவலர்.

வாசிப்பவர் தலைவரைப் பார்த்தார். ஆடுகிற மேசையை மேசை என்று கொள்ளலாமா என்ற விவாதம் எழுந்தது. முடிவு தெரியும்வரை அதை 'மேசை போன்ற ஒன்று' எனக் கருதுவதென்று தீர்மானம் ஆயிற்று. உடனே உறுப்பினர்கள் எல்லோரும் அதன்மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார்கள். தேநீர்க் கோப்பைகளை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காவலருக்கு மனசு கேட்கவில்லை. ஓர் அட்டையை மடித்துக் காலடியில் சொருகினார். மேசை அசையாமல் நின்றது.

"சூழல் மாறிவிட்டது" என்றார் வாசிப்பவர் கவலையோடு. ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "கதவு இருக்கிறதா?"

வெளியே வந்ததும் காவலரிடம், "தினமும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"லீவு நாள்ல கிடையாது சார். அன்னைக்குக் கதவு இருக்கான்னு யாரும் கேக்கறதில்ல. ஆனாலும் அது இருக்கும்னுதான் நான் நினைக்கிறேன்" என்றார். வாரியத்தில் நான் கேட்ட ஒரே துணிச்சலான பேச்சு அது.

அடுத்த முறை அதிர்ஷ்டம் இருந்தது, எல்லாம் இருப்பதாகத் தெரிந்தது. என்னை எந்திர அறைக்கு அழைத்துப் போனார்கள். விதவிதமான இயங்குதளங்களோடு கணினிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. கோடியில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே பீரோ அளவுக்கு ஒரு பழைய எந்திரம், மேலே போர்வை போர்த்தி.

"இவர்தான் மூத்தவர்" என்றார் தலைவர் குரலைத் தாழ்த்தி. "இவர் ஒத்துக்காத எதுவும் இந்த வாரியத்தைத் தாண்டிப் போகாது."

"இதுல யாரு சார் வேலை பாக்குறாங்க?"

"யாருமில்ல."

"வெளியில எங்கயாவது?"

"உலகத்துல இது ஒண்ணுதான் மிச்சம். யாரும் பயன்படுத்தாததாலதான் இவரோட கருத்து நடுநிலையா இருக்கு. பயன்படுத்துறவங்க எல்லாருக்கும் ஏதாவது ஒரு தேவை இருக்கும் பாருங்க. தேவை வந்துட்டா நேர்மை போயிடும்."

என் ஸ்கிரிப்டை ஒவ்வொரு வரியாக எடுத்தார்கள். மாற்றும் கட்டளையை இரண்டு எந்திரங்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வதால் நீக்கினார்கள். ஒன்றால் முடியாவிட்டால் வேறு வழியில் செய்யத்தான் அடுத்த வரிகளே எழுதியிருக்கிறேன் என்றேன். வேறு வழி என்று ஒன்று இருப்பதே முதல் வழி சரியில்லை என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம் என்று அதையும் நீக்கினார்கள். தேடும் கட்டளை மூத்தவருக்குப் பிடிக்கவில்லை. நகலெடுக்கும் கட்டளையைக் கேட்டு மூத்தவர் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோனார். அவரை மறுபடி எழுப்பி மரியாதைக்குக் கொஞ்ச நேரம் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

மிஞ்சியது முதல் வரியும் கடைசி வரியும். முதல் வரி, இந்த ஸ்கிரிப்டை வாசிக்கிற ஷெல் என்கிற நிரல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரி. ஷெல் எந்திரத்துக்கு எந்திரம் வேறு இடத்தில் குடியிருப்பதால் அது போயிற்று. கடைசி வரி வெறுமனே 'முடிந்தது' என்று திரையில் எழுதச் சொல்லும் வரி. அதையாவது விட்டுவைப்பார்கள் என்று நினைத்தேன்.

"எழுதுன்னு சொன்னா சில எந்திரம் சொன்னதை அப்படியே எழுதும். சிலது நடுவுல குறி ஏதாவது இருந்தா அதுக்கு அர்த்தம் பண்ணிக்கிட்டு வேற மாதிரி எழுதும்" என்றார் வாசிப்பவர்.

"என் வரியில குறியே இல்லையே சார்."

"இல்லைன்னு எப்படி எண்ணுறது?" என்று வாசல் பக்கம் கை காட்டினார்.

அதுவும் போயிற்று. வெற்றுத் திரையைப் பார்த்தபடி தலைவர் எழுந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"தம்பி, இப்பத்தான் உங்க ஸ்கிரிப்ட் உருப்பட்டிருக்கு. இது ஓடாத எந்திரம் உலகத்துல கிடையாது. மூத்தவர்கூட ஒரு முனகல் இல்லாம ஓட்டிட்டார். தப்பே பண்ணாத ஸ்கிரிப்ட் எது? எதுவுமே பண்ணாத ஸ்கிரிப்ட். இந்த வாரியம் தொடங்கின நாள்லருந்து எங்கமேல ஒரு புகார் வந்தது உண்டா? எப்படி வரும்? நாங்க எதையாவது செஞ்சாத்தானே தப்பா செஞ்சோம்னு சொல்ல முடியும்!"

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். கூட்ட அறைச் சுவரில் சட்டம் போட்டு ஒரு வெள்ளைத்தாள் தொங்குவதைக் கண்டிருந்தேன். படம் இனிமேல் வரும் போலிருக்கிறது என்று எண்ணியிருந்தேன். அதுதான் வாரியம் இதுவரை முத்திரை வைத்த ஒரே ஸ்கிரிப்டாம்.

"யாரு சார் எழுதினது?"

"நான்தான்" என்றார் தலைவர் அடக்கமாக. "பல திருத்தத்துக்கு அப்புறம்."

எனக்கு வாய் துறுதுறுவென்றது. ஆனால் அழ வேண்டியவன் சிரித்தால் காரியம் கெடும். "சார், இது எதையும் பொருத்தாது. அக்கா பேச முடியாது" என்றேன். என் முழு ஸ்கிரிப்டும் உங்கள் வாசலில் எழுதியிருக்கிற தத்துவத்தின்படிதான் நடக்கிறது, எதையும் இருப்பதாக எண்ணாமல் எந்திரத்திடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கிறது என்றும் எடுத்துச் சொன்னேன்.

தத்துவம் என்றதும் தலைவர் உருகிவிட்டார். "கேட்டுப் பாக்குதா? அப்ப நம்ம பிள்ளைதான். சரி, முழு ஸ்கிரிப்டையும் பரிசீலிக்கலாம். ஆனா எந்திரத்தை மட்டும் கேட்டா எப்படி? பயனாளின்னு ஒருத்தர் இருக்கார்னு நாங்க எப்படி எண்ணுறது? நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

நாளை வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வகுப்பு.

அக்கா நன்றாக உடுத்திக்கொண்டு வந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். முழு ஸ்கிரிப்டும் இருந்த பென் டிரைவ், கயிறு கட்டிப் பெட்டியின் கைப்பிடியில் தொங்கியது. நான் பின்னால் நின்றேன். கதவு இருந்தது. மேசையும் அட்டையின் தயவில் இருந்தது. மின்விசிறியை நிறுத்த முடிந்தது. தலைவரும் இருந்தார்.

"பயனாளி இருக்கிறாரா?"

அக்கா கையைத் தூக்கினாள்.

வாசிப்பவர் அவளுக்கு நேரே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். "பயனாளி இருக்கிறாரா?"

"சார், கை தூக்கியிருக்காங்களே!" என்றேன்.

"இருக்கிறேன்னு வாயால சொல்லணும். கை பத்தி விதியில எதுவும் இல்ல."

"குரல் இல்லாததாலதானே சார் இங்க வந்திருக்கோம்! நான் சொல்றேன், இருக்காங்க."

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் இருக்க முடியாது தம்பி" என்றார் தலைவர் கனிவாக.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து 'இருக்கிறேன்' என்று எழுதித் தூக்கிக் காட்டினாள். வாசிப்பவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "எழுத்து இருக்குங்க ஐயா. அதுல சந்தேகமில்ல. ஆனா எழுத்து இருந்தா ஆள் இருக்கணும்னு இல்ல. நூலகம் முழுக்க செத்தவங்க எழுத்துதான்." பிறகு மூன்றாம் முறை கேட்டார். பதில் வரவில்லை. "பயனாளி இல்லை. ஐந்தாவது நாற்காலி காலி" என்று பதிவு செய்தார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சண்டை போடுகிற அக்காவை எனக்குப் பயம். அன்றைக்கு அவள் கண்ணில் சண்டையே இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

தலைவர் தீர்ப்புச் சொல்ல எழுந்தார். எழுந்தவர் கையிலிருந்த கோப்புக் கட்டை வைக்க இடம் தேடினார். காலி நாற்காலி ஒன்று பதிவில் இருந்தது. கட்டை அக்காவின் மடியில் வைத்துவிட்டு, "இல்லாத பயனாளிக்காக" என்று தொடங்கினார். பக்கத்து உறுப்பினர் தம் கோட்டைக் கழற்றி அக்காவின் தோளில் மாட்டினார். அவர்களிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. விதியை மதிக்கிறவர்கள்.

அக்கா சற்று நேரம் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் முகம் மாறியது. நாற்சந்தியில் பச்சை விளக்கு எரிவதைக் கண்ட முகம். கோப்புக் கட்டைத் தரையில் வைத்தாள். கோட்டை மடித்து அதன்மேல் வைத்தாள். எழுந்து நேராகத் தலைவரின் மேசைக்குப் போனாள். அங்கே முத்திரை எந்திரம் இருந்தது. பெட்டியின் கைப்பிடியிலிருந்து பென் டிரைவை அவிழ்த்து அதில் செருகினாள்.

"யாரது?" என்றார் தலைவர்.

வாசிப்பவர் பதிவைப் பார்த்தார். வேர்த்துவிட்டது. "யாரும் இல்லைங்க ஐயா."

"அதோ முத்திரைய எடுக்கறாங்களே!"

"ஐந்தாவது நாற்காலி காலின்னு பதிவாயிடுச்சுங்க. இப்ப யாரோ இருக்காங்கன்னு சொன்னா பதிவு தப்புன்னு ஆகும். நம்ம பதிவு தப்பா இருந்ததே இல்லைங்களே."

"காவலரே! புடிங்க!"

காவலர் தம் இடத்திலிருந்து அசையவில்லை. "யாரைப் புடிக்கச் சொல்றீங்க ஐயா? பேரைச் சொல்லுங்க, உடனே புடிக்கிறேன்" என்றார் பணிவாக. அவர் கண் சிரித்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அக்கா பச்சைப் பொத்தானை அழுத்தினாள். எந்திரம் 'டிக்' என்றது. அந்த முத்திரை எந்திரம் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் வேலை செய்திருந்தது, தலைவரின் வெள்ளைத்தாளுக்கு. அக்கா மறுபடி உட்கார்ந்து, பென் டிரைவைப் பெட்டியில் செருகினாள். நான் ஓடிப்போய் அவள் தோளருகே நின்று திரையைப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியது. கோப்பிலேயே மாற்ற முடிகிறதா? இல்லை, வேறு வழியில் மாற்றுகிறேன். தேட முடிகிறதா? முடிகிறது. ஒலி வருகிறதா? ஒரு வழியில் வரவில்லை, இன்னொரு வழியில் வருகிறது. 'இல்லை' என்று வந்த எந்த இடத்திலும் அது கடையை மூடவில்லை. அறையில் அத்தனை பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சோதனை முடிந்து அதற்குப் பிறகு ஏதாவது நடப்பதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

அக்கா எழுத்துகளைத் தட்டினாள்.

"இருக்கேன்" என்றது பெட்டி.

அதே ரயில் நிலையக் குரல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாசிப்பவர்தான் முதலில் சுதாரித்தார். பதற்றத்தில் மனிதனுக்குக் கை கொடுப்பது பழக்கம்தான். அவருக்கு மின்விசிறிக்குரிய வரிகள் வாயில் வந்தன. "பேச... பேச முடிகிறதா?"

"முடியுது."

"நிறுத்த முடிகிறதா?"

அக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அறையை ஒருமுறை பார்த்தாள். அட்டை சொருகிய மேசையை, சட்டம் போட்ட வெள்ளைத்தாளை, தலைவரை. பிறகு நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

"முடியாது."

பிறகு ஆரம்பித்தாள். கதவிலிருந்தே ஆரம்பித்தாள். நடுவில் நான் மாமாவுக்குப் போன் போட்டுப் பெட்டியின் பக்கம் நீட்டினேன். அவர் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"யாரை மாப்ள திட்டுறா?"

"வாரியத்தை மாமா."

"எல்லாத்தையும் அங்கயே கொட்டிடப் போறா" என்றார் மாமா. "பால் பொங்கவிட்டது எனக்குத்தான் பாக்கி. சீக்கிரம் கூட்டிட்டு வா."